வூடு என்று எழுதியவள்

காசியம்மாளுக்கு மறதி என்பதே கிடையாது. அதை நல்ல குணம் என்று யாராவது பாராட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழாம் வகுப்பில் தன் ஸ்கேலை ஒடித்தவள் யார், கல்லூரி விடுதியில் தன் தட்டைத் தள்ளி வைத்தவள் யார், சாமை மூட்டையோடு தன்னைப் பாதி வழியில் சித்தேரி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட கண்டக்டர் யார் என்று முப்பத்தொன்பது வயதிலும் பெயர் பெயராகச் சொல்வாள். சொல்வதோடு விட்டாலாவது பரவாயில்லை. அந்தக் கண்டக்டர் போன வருஷம் தன் மகனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க எங்கள் பள்ளிக்கு வந்தார். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை அவரைப் புங்கமரத்தடியில் நிற்க வைத்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தாள்.

"கையில ஒரு மூட்டையும் குடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்தாள்.

இப்படிப்பட்டவள்தான் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் இருக்கும் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியை. நான் மலர்விழி, அதே பள்ளியில் தமிழாசிரியை. இருவரும் ஒரு காலத்தில் இதே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சீக்கிரம் வரும், ஆனால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். அவளுக்குக் கோபம் வருவதே வெளியில் தெரியாது, வந்தால் இருபது வருஷம் இருக்கும்.

அவள் கைப்பேசியைத் திறந்தால் முதலில் வரும் படம் பிள்ளையின் படமோ சாமி படமோ அல்ல. ஒரு பழைய பதிவேட்டின் பக்கம். அதில் வரிசையாகப் பெயர்கள். ஒரே ஒரு பெயரின் மேல் மட்டும் சிவப்பு மையில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையொப்பம். எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே அலுவலக அலமாரியை மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு குடைந்து, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துப் படம் எடுத்தாள். கோடு விழுந்த பெயர் காசியம்மாள். கையொப்பம் பச்சியப்பன் சாருடையது.

பச்சியப்பன் சார் யாரென்று சொல்ல வேண்டும். 2002இல் எங்கள் பள்ளியில் அவர்தான் ஆங்கிலத்துக்கு எல்லாம். அந்த நாளில் பிளஸ் ஒன்னில் எங்கள் பள்ளியில் ஒரு தனிப் பிரிவு இருந்தது. எல்லாருக்கும் பொதுவான இங்கிலீஷ் பாடம் போக, வரலாறு பொருளாதாரத்தோடு சேர்த்து 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒரு பாடம். கதை, கவிதை, நாடகம் எல்லாம் அதில் உண்டு. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கிடையாது. அதில் சேர்ந்தவர்கள் நடக்கும் நடையே வேறு. சார் வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் ஒரு சிவப்புப் பேனாவோடு வராந்தாவில் வந்தால் காக்காய்கூடக் கத்தாது.

காசியம்மாள் மலையிலிருந்து வந்தவள். சித்தேரிக்கு மேலே ஒரு சின்ன ஊர். அப்பா ஆண்டி சாமையும் ராகியும் போட்டுப் பிழைப்பவர், சீசனில் காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்பார். இவள் கீழே விடுதியில் தங்கிப் படித்தாள். பத்தாம் வகுப்பில் எல்லாரும் ஆங்கிலத் துணைப்பாடக் கதைகளுக்கு நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, இவள் ஒருத்திதான் கதையைக் கதையாகப் படித்தாள். லீவுக்கு வூட்டுக்குப் போனால் அந்தக் கதைகளை அவள் அம்மாவுக்கு மலைப்பேச்சில் சொல்வாளாம். அந்தம்மா களை பிடுங்குவதை நிறுத்திவிட்டு, "அப்புறம் அந்தக் குதிரைக்காரன் என்னா ஆனான்?" என்று கேட்குமாம். ஸ்பெஷல் இங்கிலீஷ் வேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதம் அங்கிருந்து வந்தது.

சேர்க்கைப் பட்டியலில் அவள் பெயர் ஏறிவிட்டது. முதல் வாரத்தில் சார் ஒரு டிக்டேஷன் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வார், நாங்கள் அதைத் தமிழில் எழுத வேண்டும். பத்து வரிகளில் ஆறாவது வரி ஒரு கிழவியைப் பற்றியது. காட்டில் தனியாக வாழ்ந்த கிழவி. காடு என்பதற்கு அவர் சொன்ன ஆங்கிலச் சொல் எங்கள் காதில் இப்படித்தான் விழுந்தது: 'வூட்'.

நாற்பத்து மூன்று பேரில் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. நான் எழுதியது 'மரத்தில்'. கிழவி மரத்தில் குடியிருந்தாளாம்! அதுவும் கிறுக்குத்தனமான தப்புத்தான். ஆனால் அதற்கு யாரும் சிரிக்கவில்லை. காசியம்மாள் எழுதியது: 'அந்தக் கிழவி வூட்டில் தனியாக வாழ்ந்தாள்.'

எங்கள் பக்கத்தில் வீட்டை வேறு எப்படிச் சொல்வார்கள்? கிழவி வூட்டில் இல்லாமல் வேறெங்கே இருப்பாள்? காதில் விழுந்ததும் பொருந்தியது, அர்த்தமும் பொருந்தியது, அவள் எழுதிவிட்டாள்.

சார் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் படித்தார். அவளை எழுந்து நிற்கச் சொன்னார். இன்னொரு தடவை ராகம் போட்டுப் படித்தார்.

"காட்டுல கெடக்கறவளுக்குக் காடும் வூடும் ஒண்ணுதானே!" என்றார்.

வகுப்பு இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் விஷயம் சொல்லப்பட்டது, அவர்களும் சிரித்தார்கள். சார் பதிவேட்டைத் திறந்து, சிவப்புப் பேனாவால் அவள் பெயரின் மேல் கோடு போட்டார்.

"உனக்கெதுக்கும்மா லிட்ரேச்சர்? நர்சிங் குரூப்புக்குப் போ. ஊசி போடறதுக்கு இங்கிலீஷ் வேண்டாம்" என்றார்.

அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, வராந்தாவில் நர்சிங் குரூப் இருந்த கடைசி அறைக்கு நடந்து போனாள். அன்றிலிருந்து இரண்டு வருஷமும் பள்ளி முழுக்க அவளுக்கு 'வூடு' என்றுதான் பெயர். தண்ணீர்த் தொட்டிக்குப் போனால் வூடு போவுது, வகுப்புக்கு வந்தால் வூடு வருது. அன்று நானும் சிரித்தேன். அதைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வர வேண்டும், கடைசியில் சொல்கிறேன்.

நர்சிங் குரூப் படித்தவள் நர்ஸ் ஆகவில்லை. வீம்புக்கு என்று கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கே விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தாள். அங்கே முதல் வருஷம் உச்சரிப்புப் பாடம். ஒருநாள் பேராசிரியர் கரும்பலகையில் அந்தக் காட்டுச் சொல்லை எழுதி, "இதை வுட் என்று குறுக்கித்தான் சொல்ல வேண்டும், நீட்டினால் தப்பு" என்று சொல்லியிருக்கிறார். காசியம்மாளுக்குத் தலை சுற்றிவிட்டதாம். சார் சொன்னது வூட். நீட்டித்தான் சொன்னார். நம்ம வூட்டை எப்படிச் சொல்வோமோ அப்படியே சொன்னார்.

"அந்தாளு தப்பாச் சொன்னான்டி மலரு. நான் சரியாத்தான் கேட்டன். அவன் வூடுன்னு சொன்னான், நான் வூடுன்னு எழுதினன். தப்புப் பண்ணது அவன், கோடு விழுந்தது எனக்கு" என்று என்னிடம் ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு உடம்பு கூசியது.

அதற்கப்புறம் எம்.ஏ., பி.எட்., தேர்வு, வேலை. ஓசூர்ப் பக்கம் பத்து வருஷம் இருந்தாள். மூன்று வருஷம் முன்பு கலந்தாய்வில் தர்மபுரி டவுனிலேயே இடம் இருந்தும், அடம்பிடித்து எங்கள் பள்ளியை எடுத்தாள். எல்லாரும் மண்டையைச் சொறிந்தார்கள். எனக்குத் தெரியும், அவள் கறுவிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று.

ஆனால் பச்சியப்பன் சார் இங்கே இல்லை. ஓய்வுபெற்று, புறவழிச் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பள்ளிக்கு முதல்வராகப் போய்விட்டார். அவர் போனதும் எங்கள் பள்ளியில் ஸ்பெஷல் இங்கிலீஷும் செத்துவிட்டது. அவருடைய தனியார் பள்ளியிலோ அறிவியல் குரூப்பும் கம்ப்யூட்டர் குரூப்பும்தான். "லிட்ரேச்சர் படிச்சு என்னா கிழிக்கப் போறீங்க?" என்று அங்கே பெற்றோர் கூட்டத்தில் அவர் மைக் பிடித்துப் பேசியதை நானே காதால் கேட்டேன். ஏனென்றால் என் மகள் சோபனா அந்தப் பள்ளியில்தான் படித்தாள். அரசுப் பள்ளி ஆசிரியை தன் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்ப்பதா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

காசியம்மாள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மூன்று வருஷமாகத் தினமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். என் டப்பாவை நீட்டினால் "வயிறு நெறஞ்சிருக்குது" என்பாள். ஒருநாள்கூட ஒரு வாய் எடுத்ததில்லை. மற்ற டீச்சர்களின் டப்பாவில் கைவிடுவாள். அவளுக்கு என் சமையல் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே வேலை. செத்துப்போன ஸ்பெஷல் இங்கிலீஷை இதே பள்ளியில், தன் பெயரில் கோடு விழுந்த அதே அறையில், மறுபடியும் நடத்த வேண்டும். மனு மேல் மனுவாகப் போட்டாள். இந்த வருஷம் மே மாதம் அனுமதி வந்தது. தலைமையாசிரியர் அறிவழகன் சார் நல்ல மனிதர், ஆனால் எதைக் கண்டாலும் வேர்க்கும். அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேர்த்தார்.

"மேடம், ஜூன் முப்பது சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதினஞ்சு பேரைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு போட்டிருக்கறாங்க. ஒருத்தர் கொறஞ்சாலும் பிரிவு கெடையாது. நீங்களும் உபரின்னு கணக்காயிடுவீங்க. பணிநிரவல்ல எங்க தூக்கிப் போடுவாங்கன்னு எனக்கே தெரியாதுங்க."

"பதினஞ்சு வரும் சார்" என்றாள்.

வருமா? பெற்றவர்கள் கேட்பதெல்லாம் பயாலஜி. இலக்கியம் என்றால் டி.வி. ரிப்பேரா என்று கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். இவள் ஜூன் மாதம் முழுக்கச் சனி ஞாயிறு சித்தேரி பஸ் ஏறினாள். ஊர் ஊராக, சாமைக் காட்டு வரப்பில் நின்றுகொண்டு பேசினாள். பத்தாவது முடித்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்களைப் பையோடு பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தாள். சேர வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கிழவி வரியை டிக்டேஷன் கொடுத்தாள், பச்சியப்பன் சார் சொன்னபடியே 'வூட்' என்று நீட்டி. மலைப் பிள்ளைகள் அத்தனையும் 'வூட்டில்' என்றுதான் எழுதின. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் பெரிய டிக் போட்டு, "காது நல்லாக் கேக்குது ஒனக்கு" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டாள். அப்புறம்தான் சரியான உச்சரிப்பைச் சொல்லிக்கொடுத்தாள். அந்தத் தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தாள். நான் பார்த்தபோது வெடுக்கென்று மூடினாள்.

ஜூன் முப்பது வந்தது. மதியம் மூன்று மணிக்குப் பதின்மூன்று பேர். அலுவலகத்தில் பெற்றோர்கள் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்திருந்தார்கள். அறிவழகன் சாரின் கைக்குட்டை நனைந்துவிட்டது. காசியம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றரைக்கு ஒரு கார் வந்து நின்றது. பச்சியப்பன் சார் இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை, முடி மட்டும் கொட்டிவிட்டது. பின்னாலேயே ஒரு பெண், பதினாறு வயது, அழுது வீங்கிய கண்கள். பேத்தி வெண்மதி.

சார் அறிவழகன் சாரிடம் நேராகப் போனார். "என் பேத்தி. பிடிச்ச பிடியில நிக்கறா. லிட்ரேச்சர்தான் படிப்பேன்னு ரெண்டு நாளாச் சாப்பிடல. எங்க ஸ்கூல்ல அந்தக் கோர்ஸ் இல்ல. இங்க ஆரம்பிக்கறதாக் கேள்விப்பட்டேன். சீட் வேணும்."

தலைமையாசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. பதினான்கு! அவர் காசியம்மாளைப் பார்த்துக் கையைக் காட்டினார். "மேடம்தாங்க பொறுப்பு."

பச்சியப்பன் சார் திரும்பி, வணக்கம் சொன்னார். அவளைத் தெரியவில்லை! அவளுக்கு ரத்தம் கொதித்திருக்கும், எனக்கே கொதித்தது. மூன்று வருஷமாக ஒருத்தி இவர் கையொப்பத்தைக் கைப்பேசியில் சுமந்து திரிகிறாள், இவருக்கு முகம்கூட ஞாபகமில்லை.

"உக்காருங்க சார்" என்றாள் காசியம்மாள். குரல் தேனாக ஒழுகியது. "சேர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி டிக்டேஷன் உண்டுங்க சார். எல்லாப் பிள்ளைங்களுக்கும் நான் சொன்னன். உங்க பேத்திக்கு நீங்களே சொல்லுங்க. உங்க உச்சரிப்புக்கு முன்னாடி நாங்கெல்லாம் எம்மாத்திரம்?"

அவர் குளிர்ந்துபோனார். பெற்றோர்களை ஒரு பார்வை பார்த்தார். தாளை வாங்கி, தொண்டையைச் செருமி, அந்த வரியை முழங்கினார். கிழவி, தனியாக, கடைசியில் "வூட்!"

வெண்மதி எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தாத்தா, அது வூட் இல்ல. வுட். சின்னதாச் சொல்லணும். நீங்க சொல்றது நம்ம வூடு மாதிரியே கேக்குது."

"நான் சரியாத்தான் சொல்றேன், எழுது" என்றார் சார்.

"இல்ல தாத்தா, நான் போன்ல எவ்வளவு கேட்டிருக்கறன்! நீங்க எப்பவுமே அப்படித்தான் சொல்றீங்க. வூட்டுலயும் சொல்லிச் சிரிப்போம்." பிள்ளை பாவம், ஒன்றும் தெரியாமல் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சியது.

ஒரு தகப்பன் களுக்கென்று சிரித்தார். பிறகு பக்கத்திலிருந்த அம்மா. பிறகு அலுவலகமே சிரித்தது. ஆங்கிலம் தெரியாதவர்கள்தான், ஆனால் பெரிய வாத்தியார் வூடு என்று சொல்லி மாட்டிக்கொண்டது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. சாரின் முகத்தில் ஈயாடவில்லை.

காசியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கைப்பேசியை எடுத்து, திறந்து, அவர் முகத்துக்கு நேரே மேசைமேல் வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து யாருதுன்னு பாருங்க சார்."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். பார்த்தார். கோட்டைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நீ அந்த..."

"ஆமாங்க சார். வூடுதான். நீங்க வூடுன்னு சொன்னீங்க, நான் வூடுன்னு எழுதினன். இருபத்தி மூணு வருஷமா நான்தான் தப்புன்னு ஊரே சிரிச்சுது. இப்ப உங்க பேத்தி வாயால வந்துடுச்சு. எனக்குப் போதும்."

மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த ஜாதி மனிதர் இல்லை அவர். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தார். காசியம்மாள் வெண்மதி ஒன்றும் எழுதாத தாளை வாங்கி, அதிலும் டிக் போட்டு, "நீ மொத பெஞ்சுல உக்காரு கண்ணு. அழாத" என்று அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதினாள். கோபம் கிழவர் மேல்தான், பிள்ளைமேல் இல்லை. அந்த மட்டுக்கு எனக்கு நிம்மதி.

மணி நாலு இருபது. பதினான்கு. இன்னும் ஒருவர்.

அறிவழகன் சார் கையைப் பிசைந்தார். "ஒண்ணே ஒண்ணுங்க மேடம்! யாரையாவது..."

காசியம்மாள் வாசலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மலரு, பதினஞ்சாவது ஆளு உன் வூட்டுல இருக்குது."

எனக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி நடித்தேன் என்பதுதான் உண்மை. ஏப்ரல் மாதமே சோபனா என்னிடம் இலக்கியம் படிக்கிறேன் என்று கேட்டிருந்தாள். பச்சியப்பன் சார் மைக்கில் பேசியதை அப்படியே அவளிடம் ஒப்பித்து, அவர் பள்ளியிலேயே பயாலஜியில் சேர்த்துவிட்டேன். அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை.

"மே மாசமே உன் பொண்ணு எங்கிட்ட வந்து சீட்டுக் கேட்டுச்சு" என்றாள் காசியம்மாள். "உங்கம்மா வந்து கேக்கட்டும்னு அனுப்பிட்டன். நீயா கேப்பன்னு ஒரு மாசமாப் பாத்துக்கிட்டிருக்கறன். இப்பக் கேளு."

"இன்னைக்கு எப்படிடி? டி.சி. அங்க இருக்குது..."

"டி.சி.யில கையெழுத்துப் போடற ஆளு இங்கயே உக்காந்திருக்கறாரு. நாளைக்குப் போடுவாரு. என்னாங்க சார்?"

பச்சியப்பன் சார் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்?

"கேளு" என்றாள் மறுபடியும்.

"ஏன்டி என்னை இப்படி எல்லார் முன்னாடியும்..." என்று எகிறினேன்.

அவள் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "அன்னைக்கு என் பேப்பரை அந்தாளு கையில எடுத்துக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

சரி, சொல்லிவிடுகிறேன். தாள்களைச் சேகரித்தது நான். தமிழில் நான்தான் முதல் மார்க். அவள் தாளில் 'வூட்டில்' என்று கண்டதும் எனக்குக் கைநமைச்சல். அதை அடியிலிருந்து உருவி மேலே வைத்து, அந்த வரியின் கீழே விரலை வைத்து, "சார், இதப் பாருங்க சார்" என்று காட்டினேன். நான் காட்டாவிட்டால் நாற்பத்து மூன்று தாளில் அவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். கிழவியை மரத்தில் ஏற்றிய நான் ஸ்பெஷல் இங்கிலீஷில் உட்கார்ந்தேன், அவள் கடைசி அறைக்குப் போனாள்.

மூன்று வருஷமாக என் டப்பாவில் அவள் ஏன் கை வைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என் பொண்ணுக்கு ஒரு சீட்டுக் குடு காசி" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா."

"குடு காசி!"

"டிக்டேஷன் எழுது. பொண்ணுக்குப் பதிலா நீ."

தாளை நீட்டினாள். அந்த வரியைச் சொன்னாள். அவரைப் போலவே, கடைசிச் சொல்லை நன்றாக நீட்டிச் சொன்னாள். பதினேழு வருஷமாக நான் தமிழாசிரியை. பேச்சுமொழியில் எழுதினால் அரை மார்க் வெட்டுகிறவள். அலுவலகத்தில் அத்தனை பேர் பார்க்க எழுதினேன்: 'அந்தக் கிழவி வூட்டில் தனியாக வாழ்ந்தாள்.'

அவள் அதை வாங்கி, மடித்து, கோப்பில் வைத்தாள். நாலு ஐம்பதுக்குச் சோபனாவின் பெயர் கம்ப்யூட்டரில் ஏறியது. அறிவழகன் சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளைக்கு மொத பீரியட் வந்துடு" என்று போகிறபோது சொன்னாள். "கடைசி பெஞ்சுல உனக்கு எடம் வெச்சிருக்கறன்."

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். பதினைந்து பிள்ளைகள், முதல் பெஞ்சில் வெண்மதியும் என் சோபனாவும். காசியம்மாள் என் தாளை விரித்து, ராகம் போட்டு, பச்சியப்பன் சார் படித்த மாதிரியே படித்தாள். படித்துவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மலையிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து, "சரியாத்தானுங்க மிஸ் இருக்குது? கெழவி வூட்டுலதான இருக்கும்?" என்று கேட்டது.

காசியம்மாள் ஒரு நிமிஷம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விட்டால் அவள் காசியம்மாள் இல்லையே.

"இதுல என்னா சிரிப்புன்னு மலர்விழி டீச்சர் எந்திரிச்சுச் சொல்வாங்க" என்றாள்.

எழுந்தேன். சொன்னேன். தாளை உருவியது, விரலை வைத்தது, சிரித்தது, எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை சோபனா திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குப் பச்சியப்பன் சாரின் சிவப்புப் பேனா எவ்வளவோ தேவலாம்.

அன்று சாயங்காலம் வூட்டுக்கு வந்து சோபனா என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. நான் கட்டிக்கொடுத்த டப்பாவை எடுக்காமல் பள்ளிக்குப் போய்விட்டாள். அதையும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

மதியம் ஆசிரியர் அறையில் இரண்டு டப்பாவையும் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். காசியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சோபனாவின் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, புளிசாதத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டு, நிதானமாக மென்றாள்.

"உப்பு கம்மி" என்றாள்.